லாக் விதிகள் மனப்பாடம், ஆனால் கணக்கு வரவில்லை: ஏன்?

"பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மடக்கை (லாக்) விதிகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கு என்று வந்தால் எதை எங்கே போடுவது என்று குழம்புகிறது. லாக் (2 + 3) என்பதை லாக் 2 + லாக் 3 என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது. அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதை உள்ளே பிரித்துக் கொடுப்பதுதானே முறை? அப்புறம், லாக் 0.15-க்கு எனக்கு −0.8239 வந்தது. நண்பன் லாக் புத்தகத்தைப் பார்த்து, 1-க்கு மேல் கோடு போட்டு .1761 என்கிறான். யார் சொல்வது சரி?"

இதுதான் கேள்வி. கடைசிப் பகுதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

லாக் 1000 எவ்வளவு? கால்குலேட்டரை எடுக்க வேண்டாம். 1000-இல் எத்தனை பூஜ்யம்? மூன்று. விடை 3. லாக் 10,00,000? ஆறு. அடிமானம், அதாவது அடுக்குக்கு உயர்த்தப்படும் எண், எழுதாவிட்டால் அது 10 என்று வைத்துக்கொள்வோம். அப்போது 10, 100, 1000 மாதிரி எண்களுக்கு லாக் என்பது பூஜ்யங்களை எண்ணுவதுதான்.

இப்போது 100-ஐ 1000-ஆல் பெருக்குங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டு பூஜ்யமும் மூன்று பூஜ்யமும் சேர்ந்து ஐந்து என்று எண்ணி 1,00,000 என்று எழுதிவிடும். அந்தப் பிள்ளை செய்ததுதான் பெருக்கல் விதி: எண்களைப் பெருக்கினால் லாக்குகள் கூடும். 1,00,000-ஐ 100-ஆல் வகுக்கச் சொன்னால் மேலே இரண்டு பூஜ்யத்தை அடித்துவிடுவோம். அது வகுத்தல் விதி. 1000-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கினால் 3 × 4 = 12 பூஜ்யம். அது அடுக்கு விதி. ஆக மூன்று விதிகளும் உங்களுக்கு எட்டு வயதிலேயே தெரியும். பெயர்தான் பிறகு வந்தது.

10-இன் அடுக்காக இல்லாத எண்களுக்கு என்ன செய்வது? 2-இல் எத்தனை பூஜ்யம்? கேள்வியே அபத்தமாகத் தோன்றும். ஆனால் 2-ஐப் பத்து முறை எழுதிப் பெருக்கினால் 1024. அது 1000-ஐ விடக் கொஞ்சம் அதிகம். பத்து 2-கள் சேர்ந்து மூன்று பூஜ்யத்தைச் சற்றுத் தாண்டுகின்றன என்றால், ஒவ்வொரு 2-இன் பங்கு 0.3-ஐ விடச் சற்றே கூடுதல். சரியான மதிப்பு 0.30103. பார்த்தீர்களா, அபத்தமான கேள்விக்கு ஒழுங்கான விடை வந்துவிட்டது.

இந்த விளையாட்டை நான் பாடம் எடுக்கும்போது எப்போதும் முதல் நாளே ஆடுவேன். விதிப் பட்டியலைப் பலகையில் எழுதிப்போட்டுத் தொடங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்து 5. அதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை: 5 என்பது 10 ÷ 2, ஆகவே 1 − 0.30103 = 0.69897. அடுத்து 3. 3-இன் ஒன்பதாம் அடுக்கு 19,683, ஏறக்குறைய 20,000. 20,000-இன் லாக் 4.30103. அதை ஒன்பதால் வகுத்தால் 0.4779. உண்மையான மதிப்பு 0.4771. வெறும் தாளில் போட்ட கணக்குக்கு இது போதாதா?

7-தான் எனக்குப் பிடித்தது. 7-இன் நான்காம் அடுக்கு 2401. பக்கத்திலேயே 2400 இருக்கிறது. அது 3 × 8 × 100. எனவே 2400-இன் லாக் 0.47712 + 3 × 0.30103 + 2 = 3.38021. நான்கால் வகுத்தால் 0.84505. புத்தகத்தில் 0.84510 இருக்கும். நாலாவது தசமம் வரை கிட்டத்தட்ட கையிலேயே வந்துவிட்டது! 4, 6, 8, 9 எல்லாம் 2-ஐயும் 3-ஐயும் வைத்துக் கட்டிவிடலாம். ஒரு பக்கத் தாளில் 1 முதல் 10 வரை லாக் அட்டவணை தயார், அதைப் போடும்போதே எல்லா விதிகளும் இரண்டு மூன்று முறை பழகியும் விட்டன. ஒரு முறை நீங்களே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

பாடப்புத்தக வரையறையும் இதையேதான் சொல்கிறது. 2³ = 8 என்பதால் லாக்₂ 8 = 3. "8 கிடைக்க 2-ஐ எத்தனை முறை பெருக்க வேண்டும்?" என்ற கேள்வியின் விடைதான் லாக். அதாவது லாக் என்பது ஒரு அடுக்கு. எந்த விதியில் சந்தேகம் வந்தாலும் "லாக்" என்று எழுதியிருக்கும் இடத்தில் "எத்தனை பூஜ்யம்" என்று வாய்விட்டுப் படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

லாக் 1 = 0 என்பதைப் பலர் ஒரு சின்ன விதிவிலக்கு மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் மற்ற விதிகளெல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. மடக்கையை உலகுக்குச் சொன்னவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். ஏறத்தாழ இருபது ஆண்டு கணக்குப் போட்டு 1614-இல் அட்டவணையை வெளியிட்டார். அந்த முதல் அட்டவணையில் பூஜ்யம் கிடைத்தது 1-க்கு அல்ல, ஒரு கோடிக்கு! சைன் அட்டவணைகளுக்காகச் செய்த வேலை என்பதால் அப்படி அமைத்திருந்தார். விளைவு, இரண்டு எண்களைப் பெருக்கும்போது லாக்குகளைக் கூட்டினால் மட்டும் போதாது. ஒரு பெரிய மாறிலியையும் கழிக்க வேண்டியிருந்தது. லண்டனிலிருந்து ஹென்றி பிரிக்ஸ் என்ற பேராசிரியர் 1615-இல் எடின்பரோவுக்குப் பயணம் செய்து நேப்பியரைப் பார்த்தார். பேச்சின் முடிவில் 1-இன் லாக் பூஜ்யம், 10-ஐ அடிப்படையாகக் கொள்வது என்று முடிவாயிற்று. 1617-இல் நேப்பியர் இறந்துபோனார். அதே ஆண்டு பிரிக்ஸ் 1 முதல் 1000 வரை 14 தசம இடங்களுக்கு லாக் போட்டு வெளியிட்டார். இன்று பாடத்தில் பெருக்கல் விதி இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு அந்தச் சந்திப்பு ஒரு காரணம்.

சரி, உங்கள் மதிப்பெண் போன இடத்துக்கு வருவோம்.

லாக் (10 + 10) எவ்வளவு? 20-இன் லாக், அதாவது 1.30103. லாக் 10 + லாக் 10 எவ்வளவு? 2. இரண்டும் ஒன்றல்ல என்பது கண்முன்னே தெரிகிறது. பத்து ரூபாயையும் பத்து ரூபாயையும் சேர்த்தால் நூறு ரூபாய் ஆகிவிடும் என்று நம்பினால்தான் உங்கள் விடை சரியாகும். 3(அ + ஆ) என்பதில் 3 ஒரு எண், அது பெருக்குகிறது, அதனால் உள்ளே பிரித்துக் கொடுக்கலாம். லாக் (அ + ஆ) என்பதில் லாக் எதையும் பெருக்கவில்லை. அது ஒரு கேள்வி: அடைப்புக்குறிக்குள் இருக்கும் முழுத்தொகையில் எத்தனை பூஜ்யம்? அந்தத் தொகையைக் கூட்டி முடிக்காமல் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. நீங்கள் எழுதிய லாக் 2 + லாக் 3 என்பது லாக் 6. கேட்டதோ லாக் 5.

இதில் ஒரு குறும்பு உண்டு. லாக் (1 + 2 + 3) = லாக் 1 + லாக் 2 + லாக் 3 என்று யாராவது எழுதினால் அது உண்மையிலேயே சரி! 1 + 2 + 3 என்பதும் 1 × 2 × 3 என்பதும் ஆறாகவே இருப்பதால் நேர்ந்த தற்செயல் அது. இதை உதாரணமாகக் காட்டி யாராவது உங்களை மடக்கப் பார்த்தால் ஏமாற வேண்டாம்.

கூட்டலின் லாக் வந்தால் என்ன செய்வது? பெரும்பாலும் எதுவுமே செய்ய முடியாது, அப்படியே விட்டுவிட வேண்டும். பொதுக் காரணியை வெளியே எடுக்க முடிந்தால் எடுக்கலாம். அது பெருக்கலாக மாறிவிடுவதால் விதி செல்லும். லாக் (10⁵ + 10³) என்றால் 10⁵ × 1.01 என்று எழுதி, 5 + லாக் 1.01, அதாவது 5.0043 என்று சொல்லலாம். நடைமுறையிலும் இது வரும். கல்யாண மண்டபத்தில் ஒரு ஒலிபெருக்கி 80 டெசிபல் சத்தம் தருகிறது, அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் வைக்கிறார்கள் என்றால் 160 டெசிபல் ஆகாது. சத்தத்தின் திறன் இரட்டிப்பாகும், டெசிபல் என்பது லாக்கைப் பத்தால் பெருக்கியது, 10 × லாக் 2 ஏறக்குறைய 3. ஆக 83 டெசிபல்.

இதே குடும்பத்தில் இன்னொரு தவறு: லாக் 8 ÷ லாக் 2 என்பதை லாக் (8 ÷ 2), அதாவது லாக் 4 என்று எழுதுவது. வகுத்தல் விதியில் கோடு அடைப்புக்குறிக்கு உள்ளே இருக்கிறது. வெளியே வரும்போது அது கழித்தலாகிவிடும். இரண்டு லாக்குகளை ஒன்றால் ஒன்று வகுப்பது வேறு வேலை, அது அடிமான மாற்று விதி. லாக் 8 ÷ லாக் 2 = 0.90309 ÷ 0.30103 = 3. அதாவது லாக்₂ 8.

அடிமான மாற்று விதிதான் மாணவர்களுக்கு எல்லாவற்றிலும் புரியாததாக இருக்கிறது. எனக்கு அது வெறும் அளவுகோல் மாற்றம். ஒரு வேட்டியை முழத்தால் அளக்கிறீர்கள், இன்னொருவர் மீட்டரால் அளக்கிறார். எண் மாறும், வேட்டி மாறாது. வேட்டியின் நீளத்தையும் முழத்தின் நீளத்தையும் மீட்டரில் தெரிந்துகொண்டு வகுத்தால் முழக்கணக்கு வந்துவிடும். அப்படியே, 100-க்கு எத்தனை 2-கள் பெருக்க வேண்டும் என்றால், 100-இன் பூஜ்யங்களை 2-இன் பூஜ்யங்களால் வகுத்தால் போதும்: 2 ÷ 0.30103 = 6.644. சரிபார்க்கவும் வழி உண்டு. 2⁶ = 64, 2⁷ = 128; 100 இடையில் இருக்கிறது. கால்குலேட்டரில் லாக் என்று ஒரு பொத்தானும் எல்.என். என்று ஒரு பொத்தானும் இருக்கும். பின்னது 2.71828… என்ற 'இ' எண்ணை அடிமானமாகக் கொண்டது. மேலும் கீழும் ஒரே பொத்தானை அழுத்தும்வரை எந்தப் பொத்தான் என்பது முக்கியமே இல்லை. இன்னொன்று, கால்குலஸ் பாடத்துக்குப் போனதும் அடிமானம் எழுதாத லாக் என்றால் பெரும்பாலும் 'இ' அடிமானம் என்றே கொள்வார்கள். அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை, நாமே கவனித்துக்கொள்ள வேண்டும். விதிகளில் ஒன்றும் மாறாது.

2-ஐ அடிமானமாகக் கொண்ட லாக் நம் நாட்டில் வெகு முன்பே தெரிந்த விஷயம். 9-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சமண அறிஞர் வீரசேனர் எழுதிய 'தவளா' என்ற உரையில் அர்த்தச்சேதம் என்ற கருத்து வருகிறது. ஒரு எண்ணை எத்தனை முறை பாதியாக்கிக்கொண்டே போகலாம் என்ற எண்ணிக்கை அது. 32-ஐப் பாதியாக்கினால் 16, 8, 4, 2, 1: ஐந்து முறை. பெருக்கினால் அர்த்தச்சேதங்கள் கூடும் என்பதும் அதில் உண்டு. மூன்றால் வகுத்துக்கொண்டே போவதற்குத் திரிகச்சேதம் என்று பெயர். ஆனால் அதை அட்டவணையாக்கிப் பெருக்கலைச் சுலபமாக்கும் வேலை அங்கே நடக்கவில்லை. அது நேப்பியர் காலத்தில்தான்.

இனி தேர்வில் உண்மையிலேயே ஆளை விழுத்தும் இடம். இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்:

லாக் ய + லாக் (ய − 3) = 1

பெருக்கல் விதிப்படி சேர்த்தால் லாக் [ய(ய − 3)] = 1. எனவே ய(ய − 3) = 10. அதாவது ய² − 3ய − 10 = 0. விடைகள் 5, −2. இரண்டையும் எழுதிவிட்டு வந்தால் மதிப்பெண் போகும். ய = −2 என்றால் முதல் வரியிலேயே லாக் (−2) வருகிறது. 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் விடை மிகை எண்தான், ஆகவே மெய்யெண்களில் அப்படி ஒரு லாக் கிடையாது. "−2-ஐ விலக்கு" என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். அது எங்கிருந்து உள்ளே நுழைந்தது என்று யாரும் சொல்வதில்லை. −2-ஐயும் −5-ஐயும் பெருக்கினால் +10. அதற்கு லாக் உண்டு. பிரிந்திருந்தபோது இரண்டு எண்ணும் தனித்தனியே மிகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. சேர்த்து எழுதியதும் பெருக்கற்பலன் மட்டும் மிகையாக இருந்தால் போதும் என்று நிபந்தனை தளர்ந்துவிட்டது. அந்தத் தளர்வில்தான் −2 புகுந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அது இன்னும் மோசம். லாக் ய² = 4 என்ற கணக்கில் உடனே 2-ஐ முன்னால் இறக்கி 2 லாக் ய = 4, ய = 100 என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ய = −100 என்றாலும் ய² = 10,000, அதன் லாக் மதிப்பு 4-தான். சரியான விடைதான். 2-ஐ இறக்கிய அந்த நொடியில் ய மிகையாக இருக்க வேண்டும் என்ற புது நிபந்தனை வந்து ஒரு நல்ல விடை தொலைந்துபோனது. முந்தைய கணக்கில் வேண்டாத விருந்தாளி வந்தான், இதில் வீட்டு ஆளே காணாமல் போனான். வந்தவனைச் சரிபார்த்து வெளியேற்றிவிடலாம், காணாமல் போனவனைச் சரிபார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இரட்டைப்படை அடுக்கை இறக்கும்போது 2 லாக் |ய| என்று மட்டுக்குறி போட்டு எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். (லாக் ய)² என்பது இதுவே அல்ல என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ய = 1000 என்றால் லாக் ய² = 6, (லாக் ய)² = 9.

கால்குலேட்டர் வந்த பிறகும் இதெல்லாம் எதற்கு என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். 2¹⁰⁰ என்ற எண்ணில் எத்தனை இலக்கம்? சாதாரணக் கால்குலேட்டர் திணறும். நாம் 100 × 0.30103 = 30.103 என்று ஒரே வரியில் சொல்லிவிடுவோம். 30 என்றால் 1-க்குப் பின் 30 பூஜ்யத்துக்கு மேல், ஆக 31 இலக்கம். மிச்சமிருக்கும் 0.103 என்பது லாக் 2-ஐ விடக் குறைவு, அதனால் முதல் இலக்கம் 1. உண்மையில் அந்த எண் 12676 என்று தொடங்கும்.

வங்கியில் ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட பணம் எப்போது இரட்டிப்பாகும்? 1.07-ஐ எத்தனை முறை பெருக்கினால் 2 வரும் என்ற கேள்வி இது. லாக் 2 ÷ லாக் 1.07 = 0.30103 ÷ 0.02938, ஏறக்குறைய 10.2 ஆண்டு. "72-ஐ வட்டி விகிதத்தால் வகு" என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்லும் குறுக்குவழியில் 10.3 வரும். அந்த 72 இந்த லாக்கிலிருந்து வந்ததுதான்.

நிலநடுக்க அளவிலும் வகுத்தல் விதிதான் வேலை செய்கிறது. 2001-இல் குஜராத்தின் புஜ் பகுதியில் வந்தது 7.7. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கு அருகே வந்து நம் கரையோரம் சுனாமியைக் கொண்டுவந்தது 9.1. வித்தியாசம் 1.4-தானே என்று தோன்றும். லாக்கில் கழித்தல் என்றால் உண்மையில் வகுத்தல். அளவு ஒன்று கூடினால் வெளியாகும் ஆற்றலின் லாக் 1.5 கூடும். 1.4 × 1.5 = 2.1, ஆகவே ஆற்றல் 100 மடங்குக்கும் மேல், ஏறக்குறைய 125 மடங்கு.

இப்போது லாக் 0.15. நீங்கள் போட்டிருக்கக்கூடிய வழி: 0.15 = 3 ÷ 20, ஆகவே 0.4771 − 1.3010 = −0.8239. சரி. நண்பர் எழுதியதும் சரி! 1-க்கு மேல் உள்ள கோடு அந்த 1-க்கு மட்டும் கழித்தல் குறி; .1761 மிகையாகவே இருக்கிறது. −1 + 0.1761 = −0.8239. இப்படி எழுதக் காரணம் உண்டு. 15, 1.5, 0.15 மூன்றும் ஒரே இலக்கங்கள், பத்தின் மடங்கில் மட்டும்தான் வேறுபாடு. அவற்றின் லாக் 1.1761, 0.1761, −1 + 0.1761. தசமப் பகுதியை எப்போதும் மிகையாக வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் அட்டவணையில் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். −0.8239 என்று எழுதிவிட்டால் அந்த எண் லாக் புத்தகத்தில் எங்கேயும் நேராக அகப்படாது. எதிர் லாக் பார்க்க, அதாவது லாக்கிலிருந்து எண்ணைத் திரும்பக் கண்டுபிடிக்க, அதை மறுபடி −1 + 0.1761 என்று மாற்றித்தான் ஆக வேண்டும். கால்குலேட்டரில் போடுவதென்றால் உங்கள் வடிவம், அட்டவணையில் பார்ப்பதென்றால் நண்பரின் வடிவம். ஒன்றே ஒன்று: கோடு போட்ட எண்ணைக் கூட்டும்போதும் கழிக்கும்போதும் முழு எண்ணையும் தசமத்தையும் தனித்தனியாக வைத்துக் கணக்கிடுங்கள். கோட்டை மறந்து 1.1761 என்று கூட்டிவிட்டால் 0.15 உங்கள் தாளில் 15 ஆகிவிடும்.